மூச்சுக்குச் சாட்சி யார்? படைவீரர் ஊன ஓய்வூதியமும் நெஞ்சக நோய்களும்

படைப்பணியின்போது உடல்நலம் கெட்டு, பணிக்காலம் முடியுமுன்பே அனுப்பப்படும் வீரருக்கும், பணிக்காலத்தை முடித்துவிட்டு நோயோடு ஊர் திரும்பும் வீரருக்கும் அரசு வழங்கும் தொகை பொதுவாக ஊன ஓய்வூதியம் எனப்படுகிறது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களின் பேச்சில் அது இன்றும் 'டிசபிலிட்டி பென்ஷன்'தான். குண்டு பட்டுக் காலை இழந்தவருக்கு இத்தொகை கிடைப்பதில் பெரிய வழக்கு எழுவதில்லை. ஏனெனில் காயத்துக்கு நாள் உண்டு, இடம் உண்டு, அருகில் நின்று பார்த்தவர் உண்டு. ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, காசநோய் போன்ற நெஞ்சக நோய்களுக்கு இம்மூன்றும் இல்லை. அவை எந்த நாளில் தொடங்கின என்பதை நோயாளியே அறியமாட்டார். பனிமலையில் இழுத்த மூச்சு சமவெளியில் இருமலாக வெளிப்பட இரண்டு ஆண்டுகள் ஆகலாம், இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே நெஞ்சக நோய்க்கான ஊன ஓய்வூதியத்தின் வரலாறு, 'நோய் பணியால் வந்தது' என்று வீரர் மெய்ப்பிக்க வேண்டுமா, 'பணியால் வரவில்லை' என்று அரசு மெய்ப்பிக்க வேண்டுமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி இரண்டரை நூற்றாண்டுகளாக நகர்ந்துவந்திருக்கிறது.

இவ்வரலாற்றைத் தொடங்குவதற்குச் செங்கல்பட்டுச் சீமை பொருத்தமான இடம். சென்னையிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், திருச்சி நெடுஞ்சாலையும் விழுப்புரம் இருப்புப்பாதையும் தொட்டுச் செல்லும் பேரூர் அச்சரப்பாக்கம். சிவபெருமானின் தேர் அச்சு இற்ற இடம் என்ற தலபுராணத்தால் அச்சிறுபாக்கம் என்று வழங்கியதும், சம்பந்தர் பதிகம் பெற்றதும், ஆட்சீசுவரர் கோயிலால் அறியப்படுவதும் இவ்வூரே. பக்தர்களும் வணிகர்களும் சென்ற இதே தென்திசை வழித்தடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் படைகளும் ஓயாமல் நடந்தன. வடக்கே மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் ஒரு கோட்டை இருந்தது. மேற்கே வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று நடந்த போர் தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிக் கனவை முடித்தது. இன்றும் அச்சரப்பாக்கத்திலிருந்து சென்னைக்குச் செல்பவர் செங்கல்பட்டுக் கோட்டை, தாம்பரம் விமானப்படைத் தளம், பல்லாவரம், பரங்கிமலை என்று படைவரலாற்றின் அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தே நகருக்குள் நுழைகிறார்.

1752-இல் மாமல்லபுரக் கடற்கரைக்கு வடக்கிலுள்ள கோவளம் கோட்டையையும், தொடர்ந்து செங்கல்பட்டுக் கோட்டையையும் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். அந்தப் படையெடுப்பின்போதே உடல்நலம் குன்றியிருந்த அவர் அடுத்த ஆண்டில் இங்கிலாந்து திரும்பினார். பின்னாளில் வங்காள நவாப் மீர் ஜாபர் அவருக்கு எழுதிவைத்த ஐந்து இலட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு, 1770-இல் 'கிளைவ் பிரபு நிதி' ஏற்பட்டது. கம்பெனியின் பணியில் உடல் முடங்கிய ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும், அவர்களின் கைம்பெண்களுக்கும் இந்நிதியிலிருந்து உதவித்தொகை அளிக்கப்பட்டது. இந்திய மண்ணில் படைப்பணி செய்து உடல் கெட்டவருக்கு நிலையான ஏற்பாடு ஒன்று உருவான தொடக்கக் கட்டம் இது. அதே கோட்டைகளின் மதிலேறிய தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்தே இதனை நினைவுகூர வேண்டும்.

சிப்பாய்களுக்கான ஏற்பாடு வேறு வழியில் வளர்ந்தது. வங்காளத்தில் முதுமையாலும் காயத்தாலும் பணி செய்ய இயலாத சிப்பாய்களைப் பாகல்பூர் முதலிய இடங்களில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தும் முறையைக் கம்பெனி அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கொண்டுவந்தது. 'இன்வாலிட் தாணா' என்று பெயர்பெற்ற அக்குடியேற்றங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் சீமா அலாவி விரிவாக எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர்களுக்குப் பூந்தமல்லியில் நோய் தேறும் நிலையமும், பல்லாவரத்தில் ஓய்வூதியம் பெறுவோர் குடியிருப்பும் இருந்தன. உடல் தளர்ந்த சிப்பாயோ ஓய்வூதியத்தோடு தன் ஊருக்குத் திரும்பினார். நீண்ட சேவையும் காயமும் உரிமை தந்தன. நோய் அந்த அளவுக்கு உரிமை தரவில்லை. நோய்தான் படையின் முதல் பகைவன் என்பது அன்றும் தெரியாததன்று. 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போரில், சென்னைப் படை பெரும்பங்கு வகித்த ஏறத்தாழ 40,000 பேரில் 15,000 பேர் மாண்டனர் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயால் மாண்டனர் என்றும் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கணக்கிடுகின்றனர்.

முதல் உலகப்போர் நெஞ்சக நோயைப் போரின் நேரடி விளைவாக மாற்றியது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நான்கு நாள் கழித்து எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அதே வாயுவைச் சுவாசித்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வெப்பநாட்டு உடையோடு பிரான்சின் பதுங்குகுழிகளில் நின்றவர்களை நிமோனியா வாட்டியிருந்தது. போரின் இறுதியில், 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த இன்ஃப்ளுயன்சா கோடிக்கு மேற்பட்ட இந்தியரைப் பலிகொண்டது. அவர்களில் பலரின் உயிரைப் பறித்தது அதைத் தொடர்ந்து வந்த நிமோனியாவே. வாயுவால் நுரையீரல் வெந்தவருக்குப் போர் காரணம் என்பதில் ஐயமில்லை. படைக்குடியிருப்பின் நெரிசலில் காசநோய் தொற்றியவருக்கும், பதுங்குகுழியின் ஈரத்தில் இருமல் பற்றியவருக்கும் போர் காரணமா என்ற வினா அப்போதுதான் ஐரோப்பிய நாடுகளின் ஓய்வூதிய அலுவலகங்களில் பெருவழக்காக எழுந்தது.

காசநோயின் நினைவு செங்கல்பட்டு மாவட்டத்தாருக்கு ஓர் இடத்தின் பெயரிலும் நிலைத்திருக்கிறது. 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியத்தை நிறுவினார். முன்னர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை இராமானுஜன் சிலகாலம் சிகிச்சை பெற்றார். சானடோரியம் என்பது தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றையே மருந்தாகக் கொண்ட நீண்டகாலச் சிகிச்சை இல்லம். மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் அதைத் தவிர வேறு வழியில்லை. 1937-இல் அரசின் கைக்கு வந்த அந்நிறுவனம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்குகிறது. அதன் வாசலில் உள்ள இரயில் நிலையத்துக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர். காசநோயாளி மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், வேலையும் வருவாயும் இன்றிப் படுத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இந்த இல்லங்களின் முறையே காட்டுகிறது. அத்தகைய நோயோடு படையிலிருந்து அனுப்பப்பட்டவரின் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பது அடுப்பெரிவதா இல்லையா என்பதற்கு நிகரான கேள்வி. ஸ்டிரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின், 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்பவரும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைகின்றனர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. அந்த ஆய்வுக்குப் பிறகு காசநோய் ஒருவரை வாழ்நாள் முழுதும் முடக்கும் நோயாக இருந்த நிலை மெல்ல மாறியது.

சட்டத்தின் திருப்புமுனை இரண்டாம் உலகப்போரின் நடுவில், பிரிட்டனில் நிகழ்ந்தது. அதுவரை நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை வீரரே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தகுதியானவர் என்று தேர்ந்து எடுத்த மனிதரை நோயாளியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆவணங்களையெல்லாம் தன்னிடமே வைத்துக்கொண்ட அரசு அவரிடமே சான்று கேட்பது முறையா என்ற எதிர்ப்பு வலுத்தது. 1943-இல் அந்நாட்டு அரசு விதியைத் திருத்தி, மெய்ப்பிக்கும் பொறுப்பை வீரரின் தோளிலிருந்து இறக்கியது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே என்றும் கூறியது. 1947-இல் மில்லர் என்பவரின் வழக்கில் நீதிபதி டென்னிங் எழுதிய தீர்ப்பு, 'நியாயமான ஐயம்' என்பதன் அளவை விளக்கிய சான்றாக இன்றும் பல நாடுகளின் நீதிமன்றங்களில் காட்டப்படுகிறது. அவ்வழக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றியது; நாளும் சாட்சியும் இல்லாத நோய்களே இச்சட்டத்தை வளர்த்தன என்பது தற்செயல் அன்று.

இந்தியாவிலும் இதே நெறி வேரூன்றியது. விடுதலைக்குப் பிந்தைய 1961-ஆம் ஆண்டின் தரைப்படை ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173-ஆவது பிரிவு, போரில் நேராத நோய்க்கும் காயத்துக்கும் ஊன ஓய்வூதியம் பெற இரண்டு நிபந்தனைகளை வைத்தது: ஊனம் பணியால் விளைந்ததாகவோ பணியால் மிகுந்ததாகவோ இருக்க வேண்டும், அதன் அளவு நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 'விளைந்தது' என்றால் நோயின் பிறப்புக்கே பணி காரணம் என்பது பொருள். 'மிகுந்தது' என்றால் நோய் வேறெப்படியோ தோன்றியிருப்பினும் பணிச்சூழல் அதனைத் தீவிரமாக்கியது என்பது பொருள். நெஞ்சக நோயாளிகளில் பலருக்கு இரண்டாம் சொல்லே புகலிடம். உடலில் ஒவ்வாமை முன்பே உறைந்திருந்தாலும், பனியும் புழுதியும் புகையும் அதை எழுப்பின என்றால் உரிமை உண்டு.

1982-இல் வெளியான தகுதி விதிகள் இந்நெறியைத் தெளிவாக எழுதின. படையில் சேரும்போது குறிப்பேட்டில் நோய் எதுவும் பதியப்படாவிட்டால், அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றும், பின்னர் ஏற்பட்ட சீர்கேடு பணியால் ஏற்பட்டது என்றும் கொள்ள வேண்டும் என்று 5-ஆம் விதி கூறியது. உரிமை கோருபவரிடம் சான்று கேட்கக்கூடாது, ஐயத்தின் பயன் அவருக்கே என்று 9-ஆம் விதி கூறியது. விதிகளின் இணைப்பில், தட்பவெப்பத்தால் பாதிக்கப்படும் நோய்கள் என்ற தலைப்பின்கீழ் நுரையீரல் காசநோய், மூச்சுக்குழல் அழற்சி, நுரையீரல் உறை அழற்சி, நிமோனியா ஆகியவை இடம்பெற்றன. விதிகளை வகுத்தவர்கள் மூச்சின் தன்மையை நன்கறிந்தே வகுத்தனர் என்பதில் ஐயமில்லை. அவை நடைமுறைக்கு வந்தபோது நேர்ந்ததுதான் வேறு.

அதைக் கூறுமுன், இந்திய வீரரின் நுரையீரலை மற்ற நாட்டு வீரரின் நுரையீரலினும் கடுமையாகச் சோதித்த களத்தைப் பற்றிக் கூற வேண்டும். 1962-இல் சீனாவோடு போர் மூண்டபோது, சமவெளியில் இருந்த படைப்பிரிவுகள் பருத்தி உடையும் கித்தான் காலணியுமாக, உடல் பழகுவதற்கு நாள் தரப்படாமல், இமயத்தின் உச்சிகளுக்கு விரைந்து ஏற்றப்பட்டன. கடல்மட்டத்தோடு ஒப்பிட, 18,000 அடி உயரத்தில் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழப் பாதிதான். திடீரென அவ்வுயரத்துக்குச் செல்பவரின் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் மிகுந்து, காற்றறைகளுக்குள் நீர் கசிந்து நிரம்புகிறது; நோயாளி கரையில் இருந்துகொண்டே நீரில் மூழ்குபவரைப் போலத் திணறுகிறார். உயர்மலை நுரையீரல் நீர்க்கோவை என்று தமிழில் கூறத்தக்க இந்நோயை 1960-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் நூற்றுக்கணக்கில் அதைக் கண்டு ஆய்ந்தவர்கள் இந்தியப் படை மருத்துவர்களே. இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் 1965-இல் இந்நோயைப் பற்றி எழுதினர். 1969-இல் 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவ இலக்கியத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்த அறிவு வீரர்களின் துன்பத்திலிருந்து பிறந்தது. அதன் பயனாக ஏற்பட்ட பழகுமுறையின்படி, ஒரு வீரர் 9,000 அடிக்கு மேல் ஆறு நாளும், 12,000 அடிக்கு மேல் நான்கு நாளும், 15,000 அடிக்கு மேல் மேலும் நான்கு நாளும் தங்கி உடலைப் பழக்கிய பிறகே அடுத்த நிலைக்கு அனுப்பப்படுகிறார். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த செங்கல்பட்டுச் சமவெளியிலிருந்து செல்லும் இளைஞருக்கு இந்த 14 நாட்களும் உயிர்காக்கும் நாட்கள்.

1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை நிலைகொண்டபின் இந்தச் சோதனை ஆண்டு முழுவதற்குமானது. அங்கே குளிரைத் தாங்கவும் பனியை உருக்கிக் குடிநீராக்கவும் மண்ணெண்ணெய் அடுப்புகள் எரிகின்றன. 'புகாரி' என்று வீரர்கள் அழைக்கும் அவ்வடுப்பின் கரிப்புகை, காற்றோட்டமற்ற கூடாரத்தில் மாதக்கணக்கில் மூச்சோடு உள்ளே செல்கிறது. நீலகிரியின் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டதும், 1758-இல் தன் வேர்களைக் காண்பதுமான மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப்பேர், 2016 பிப்ரவரி 3 அன்று சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்தனர்; அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, நிமோனியாவும் உறுப்புகள் பல செயலிழந்த நிலையுமாக டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று இறந்தார். நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. பனிச்சரிவில் சிக்காமல், புகாரியின் புகையை மட்டும் சுவாசித்துத் திரும்பி, மூன்றாண்டுகளுக்குப் பிறகு மாடிப்படி ஏறமுடியாமல் நிற்கும் வீரரைப் பற்றி எந்தச் செய்தியும் வெளிவருவதில்லை.

அவருடைய வழக்கு தீர்மானிக்கப்படும் இடம் மருத்துவ வாரியம். நோயோடு பணியிலிருந்து விடுபடும் ஒவ்வொரு வீரரும் படை மருத்துவ அதிகாரிகள் அடங்கிய ஒரு குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். பணிக்காலம் முடியுமுன்பே நோயால் அனுப்பப்படுவதைப் பட்டாளத்தார் 'போர்டு அவுட்' என்பர். நோய் எப்போது, எங்கே தொடங்கியது, அது பணியால் விளைந்ததா, மிகுந்ததா, ஊனத்தின் அளவு நூற்றுக்கு எத்தனை என்ற கேள்விகளுக்கு வாரியம் ஒரு படிவத்தில் விடை எழுதுகிறது. விளைந்ததும் அன்று, மிகுந்ததும் அன்று என்று முடிவுசெய்தால் அதைக் குறிக்க என்.ஏ.என்.ஏ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் போதும். அந்நான்கெழுத்தைக் கண்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை என்று ஓய்வூதிய அலுவலகம் கருதியதே பல்லாண்டு நடைமுறையாக இருந்தது.

நெஞ்சக நோயாளிகளுக்கு இம்முடிவை எழுத வாரியங்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் கையாண்டன. முதலாவது, நோய் 'அமைதிப் பணியிடத்தில்' தொடங்கியது என்பது. அதாவது எல்லையிலோ பனிமலையிலோ அல்லாமல், சமவெளியின் கண்டோன்மெண்டில் இருந்தபோது முதல்முறை மருத்துவரிடம் காட்டப்பட்டது என்பது. நோய் வெளிப்பட்ட நாளையே நோய் பிறந்த நாளாகக் கொள்ளும் இக்காரணம் நெஞ்சக நோயின் இயல்புக்கு நேர்மாறானது; பழைய போர்க்கப்பல்களில் பயன்பட்ட அஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் உறைப் புற்றுநோய் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்து வருவது மருத்துவம் அறிந்த செய்தி. இரண்டாவது காரணம், நோய் 'உடலமைப்பைச் சார்ந்தது', அதாவது பிறவியிலேயே உள்ள போக்கு என்பது. ஆஸ்துமாவுக்கு இச்சொல் எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் உடலமைப்பிலேயே அது இருந்திருந்தால், ஓடவைத்தும் மார்பை அளந்தும் சேர்த்துக்கொண்ட படை, சேர்க்கும் நாளில் அதை ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு விடை அப்படிவத்தில் இராது. புகையிலையால் வந்த கேட்டுக்கு ஈடு இல்லை என்பதும் விதிகளில் உண்டு. இரு உலகப்போர்களிலும் சிகரெட்டைப் பங்கீட்டுப் பொருளாக வீரர்களுக்குப் பிரிட்டிஷ் படையே வழங்கிய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், 'அவரவர் கட்டுப்பாட்டில் உள்ள பழக்கம்' என்ற அவ்விதியின் நியாயம் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

இந்நான்கெழுத்தால் ஒரு குடும்பம் இழப்பது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு நூறு ஊனமுள்ளவருக்கு, கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் நூற்றுக்கு 30 பங்கு ஊனக்கூறாகக் கிடைக்கும்; ஊனம் குறையக் குறைய இதுவும் அதே விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் 40,000 ரூபாய், ஊனம் நூற்றுக்கு 30 என்று கொண்டால், மாதம் 3,600 ரூபாய் வரும். 2001 ஜனவரி 31-ஆம் நாளிட்ட ஆணையின்படி, 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அதே வீரருக்கு 6,000 ரூபாய் வரும். இதனோடு, போதிய ஆண்டுகள் பணியாற்றாமல் அனுப்பப்பட்டவருக்குப் பணிக்கூறு என்ற அடிப்படைத் தொகையே ஊன ஓய்வூதியத்தின் வழியாகத்தான் கிடைக்கும். உரிமை மறுக்கப்பட்டால் அவருக்கு ஓய்வூதியமே இல்லாமல் போகக்கூடும்.

மறுக்கப்பட்டவர் முதல் மேல்முறையீட்டுக் குழு, இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு என்று படிகள் ஏறி, அவற்றிலும் தோற்றால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு 2009 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட படைத்துறைத் தீர்ப்பாயமும், அதன் சென்னை அமர்வும் இவ்வழியைச் சற்றே சுருக்கின. ஆனால் அதே 2009-இல், தாமோதரன் என்பவரின் வழக்கில், மருத்துவ வாரியத்தின் கருத்துக்கே முதன்மை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அக்கருத்து நிலைத்திருந்தால் 1982-ஆம் ஆண்டின் விதிகள் ஏட்டிலேயே இருந்திருக்கும்.

2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு நிலைமையை மாற்றியது. 1985-இல் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றி, வலிப்பு நோயால் 1994-இல் அனுப்பப்பட்ட அவ்வீரருக்கு நூற்றுக்கு 20 ஊனம் என்று எழுதிய வாரியம், அது பணியால் வந்ததன்று என்றும் எழுதியிருந்தது. ஏன் என்று மட்டும் எழுதவில்லை. விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், சேரும்போது நோய் குறிக்கப்படாவிட்டால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், வேறாகக் கருதும் வாரியம் காரணத்தைப் பதிய வேண்டும், மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்று தெளிவாக்கியது. 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கும் 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கும் அதை உறுதிசெய்தன. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு, பணிக்காலத்தை முழுதும் முடித்தவருக்கும் உயர்த்திக் கணக்கிடும் முறை பொருந்தும் என்றது. இவற்றுள் எதுவும் நெஞ்சக நோய் வழக்கன்று என்றாலும், வலிப்புக்கு வகுத்த நெறியே ஆஸ்துமாவுக்கும் காசநோய்க்கும் பொருந்துகிறது. தீர்ப்பாயங்களில் நெஞ்சக நோயாளிகள் இன்று பற்றிக்கொள்ளும் கொம்பு தரம்வீர் சிங் தீர்ப்பே. அதே 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழு, ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக அரசு தொடுத்துவந்த மேல்முறையீடுகளைக் கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டுக்காக உடல் கெட்டவரை நாடே உச்ச நீதிமன்றம் வரை துரத்துவது தகாது என்பதை ஒப்புக்கொண்ட அரசு ஆவணம் என்ற வகையில் அதன் மதிப்பு பெரிது.

எனினும் விதிகள் மறுபுறம் நகர்ந்துகொண்டிருந்தன. 2008-ஆம் ஆண்டின் தகுதி விதிகள், சேரும்போது நடக்கும் மருத்துவச் சோதனை மறைந்திருக்கும் நோய்களைக் கண்டறியாமல் போகலாம் என்றும், பணியின்போது நோய் வெளிப்பட்டது என்பதாலேயே அது பணியால் வந்ததாகிவிடாது என்றும் கூறின. 2023 செப்டம்பர் 21 அன்று வெளியான புதிய விதிகள், உடற்குறை இருந்தும் பணியைத் தொடர்ந்து முடித்தவர்களுக்கு உரியதை ஊன ஓய்வூதியம் என்னாமல் 'உடற்குறை நிவாரணம்' என்று பெயரிட்டுப் பிரித்தன. சலுகை தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதும், சிப்பாய்களை விட அதிகாரிகளே பெரும் விகிதத்தில் ஊன ஓய்வூதியத்தோடு ஓய்வு பெறுகின்றனர் எனத் தணிக்கையில் தெரியவந்தது என்பதும் இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். அக்கவலை பொய்யன்று. ஆயினும் வாய்ப்பும் வழக்கறிஞரும் உள்ள சிலரின் பேராசையைத் தடுக்க வகுக்கும் வேலி, முதலில் மறிப்பது படிவத்தைப் படிக்கவும் தெரியாமல் கையெழுத்திட்ட சிப்பாயைத்தான் என்பதை இவ்வரலாறு முழுதும் காட்டுகிறது.

அமெரிக்காவின் அண்மைய அனுபவம் எதிர்த்திசையில் அமைந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களின் குப்பையைத் திறந்த குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்த வீரர்களின் கோரிக்கைகள் அங்கும் நெடுங்காலம் மறுக்கப்பட்டன. 2022 ஆகஸ்ட் 10 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், குறித்த நாடுகளில் குறித்த காலத்தில் பணியாற்றியவருக்குப் பணிக்குப் பிறகு ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி முதலியவை கண்டறியப்பட்டால், அவை பணியால் வந்தவை என்றே கொள்ளப்படும் என்று விதித்தது. அங்கே இருந்தார் என்பதற்குப் பணிப்பதிவேடு போதும்; எந்த நாளில் எந்தப் புகை என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. சியாச்சினிலும் லடாக்கிலும் இத்தனை மாதம் இருந்தார் என்ற பதிவு இந்திய வீரர் ஒவ்வொருவரின் ஏட்டிலும் இருக்கிறது. அதையே நெஞ்சக நோய்க்குப் போதிய சான்றாக ஏற்கும் ஒரு விதியை வகுக்க இந்தியாவுக்குப் புதிய மருத்துவ அறிவு எதுவும் தேவையில்லை. 1969-லேயே அது இந்தியப் படையிடம் இருந்தது.

அவ்விதி வரும்வரை, சாட்சி காகிதத்தில்தான் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, பணி ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு உரிமை கோரினால், மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரர்மேலேயே விழும் என்று விதியே கூறுகிறது. ஆகவே அச்சரப்பாக்கத்திலும் மதுராந்தகத்திலும் செங்கல்பட்டிலும், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், படையிலிருந்து திரும்பிய தந்தையோ அண்ணனோ இரவில் இருமுவதைக் கேட்கும் குடும்பத்தார், மருத்துவ வாரியப் படிவத்தின் நகலையும், சிகிச்சைச் சீட்டுகளையும், உயர்மலைப் பணியைக் காட்டும் ஏட்டின் நகலையும் இன்றே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகிக் கோரிக்கையை அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.